கண் திறக்காத பொம்மை

ஜப்பான் நாட்டுக் கடைகளிலே, உணவு விடுதிகளிலே, அலுவலகங்களிலே சிவப்புப் பொம்மையொன்று வீற்றிருக்கும். கையில்லை, காலில்லை, தள்ளினால் சாயும், மறுகணம் நிமிரும். விழிகள் வெறும் வெண்மை. வாங்கியவர் வேண்டுதலோடு ஒரு கண்ணைத் தீட்டுவார். எண்ணியது ஈடேறினால் மறு கண்ணையும் தீட்டுவார். தேர்தலில் வென்றவர் தூரிகையேந்திக் கண் தீட்டும் காட்சியைப் பத்திரிகைகள் படம் பிடிக்கும். பயணிகளும் கடைதோறும் நின்று படம் பிடிப்பர். ‘தருமா’ என்பது அதன் பெயர். அழகான படந்தான்! ஆனால், அப்படத்தில் விழாத வரலாறு ஒன்று உண்டு.

தருமா என்பவர் போதிதருமர். தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்றவர் என்கிறது ஒரு பழைய குறிப்பு. 547-ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி எழுதிய நூலோ, அவரைப் பாரசீகத்தார் என்கிறது. “காஞ்சி இளவரசர்” என்று நாம் மார்தட்டுமுன் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெருமைக்காகச் சான்றைத் துறத்தல் பகுத்தறிவாகுமா? கோயில்கள் பல எழுப்பிய லியாங் மன்னன் ஊ, தனக்குக் கிட்டும் புண்ணியம் எவ்வளவு என்று கேட்டபோது, ஏதுமில்லை என்று அவர் விடையிறுத்ததாகப் பிற்கால நூல்கள் கூறும். புண்ணியக் கணக்கை மறுத்தவர், இன்று கடைக்காரரின் இலாபக் கணக்குக்குக் காவல்! என்னே விந்தை!

பொம்மை பிறந்த கதையைக் கேளுங்கள். 1783-இல் அசாமா எரிமலை வெடித்தது. சாம்பல் வயலை மூடிற்று. முன்பே தொடங்கியிருந்த பஞ்சம் முற்றிற்று. தகாசாகி நகரையடுத்த தருமா கோயிலின் துறவி தோகாகு, மர அச்சில் காகிதம் ஒட்டிப் பொம்மை செய்யும் தொழிலை ஏழை உழவர்க்குக் கற்பித்தார் என்பது அவ்வூர் மரபு. பட்டுப்புழு வளர்ப்போர், புழு உறக்கம் நீங்கித் தோலுரிப்பதை ‘எழுதல்’ என்றனர். ஆகவே, விழுந்தெழும் பொம்மை அவர்க்கு நல்விளைச்சலின் அடையாளமாயிற்று. இன்றும் நாட்டின் தருமா பொம்மைகளில் பெரும்பகுதி தகாசாகியிலேயே உருவாகிறது.

பஞ்சத்திலே பொம்மை உதவியது உண்மை. வரம் கொடுத்தா? இல்லை, வேலை கொடுத்து! உதவியவை பொம்மையின் கண்களல்ல, உழவரின் கைகள்.

சிவப்பு நிறம் பெரியம்மையை விரட்டும் என்றும் அக்காலத்தே நம்பினர். குழந்தையின் படுக்கையருகே சிவப்புப் பொம்மைகளை வைத்தனர். விரட்டிற்றா? 1849-இல் நாகசாகிக்கு வந்து சேர்ந்த அம்மைப்பால் அங்கே தடுப்பு முறையை வேரூன்றச் செய்தது. 1980-இல் பெரியம்மை உலகிலேயே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. நிறம் செய்யாததை அறிவு செய்து முடித்தது.

இன்னும் ஐயமுற்றால், தோழர்களே, தேர்தல் படத்தையே எண்ணிப் பாருங்கள். வென்றவர் கண் தீட்டினார், சரி. தோற்றவரும் பொம்மை வைத்தாரே, அவரும் ஒரு கண் தீட்டினாரே! ஒற்றைக் கண்ணோடு மூலையிலே கிடக்கும் அந்தப் பொம்மையை எவர் படம் பிடித்தார்?