வீட்டைக் கட்டிப்பார்... கல்யாணம் அப்புறம்!

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஒவ்வொண்ணுமே ஆளைச் சாய்க்கிற வேலை. ரெண்டையும் ஒரே முகூர்த்தத்துல முடிக்கப் போனா? கிளவுட் உலகம் அதையும் செஞ்சு பாத்துச்சு மக்களே. அந்தக் கதைதான் இது.

கிளவுட்னு என்னதான் சொன்னாலும், அடியில ஏதோ ஒரு ராக்குல நிஜ இரும்புப் பெட்டிதான் ஓடுது. ஓ.எஸ். கூட ஏறாத அந்த மொட்டைப் பெட்டிக்குப் பேர் மெட்டல்னு பேரு. அதுல ஓ.எஸ். ஏத்தி, ஐ.பி. முகவரி குடுத்து, உள்ளே நுழைய சாவியும் வெச்சா அது புரொவிஷனிங். அதாவது வீடு. அப்புறம் டேட்டாபேஸ், வெப் சர்வர்னு அமைக்கிறது சர்வீஸ் கான்ஃபிகரேஷன். அது கல்யாணம்.

ஆரம்பத்துல ரெண்டும் தனித்தனிப் பாதையிலதான் வளந்துச்சு. 1985ல பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் பூட்-பி எழுதினாங்க. டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர், "என் முகவரி என்ன? எந்த ஃபைலை ஏத்திக்கணும்?"னு நெட்வொர்க்கைக் கேக்குற முறை அது. 1993ல டி.எச்.சி.பி., 1999ல இன்டெலோட பி.எக்ஸ்.இ. 2.1 எல்லாம் அதே வம்சம். இன்னொரு பக்கம், ஓ.எஸ். ஏறின மெஷினை ஒழுங்கா வெச்சுக்க ஆஸ்லோவுல மார்க் பர்ஜஸ் 1993ல சி.எஃப்.எஞ்சினைக் கொண்டு வந்தார். 2005ல பப்பெட் வந்துச்சு.

2010ல நாசாவும் ராக்ஸ்பேஸும் ஓப்பன்ஸ்டாக்கைத் தொடங்கினாங்க. அதுல மொட்டை சர்வரைக் கவனிக்கிறது அயர்னிக். நோவாவுக்குள்ள ஒரு டிரைவரா இருந்த சமாச்சாரம் தனிக்குடித்தனம் வந்து, 2015 கிலோ பதிப்புல முழு உறுப்பினர் ஆச்சு. அதோட சின்னம் ஒரு கரடி. இங்கிலீஷ்ல மொட்டைக்கும் கரடிக்கும் உச்சரிப்பு ஒண்ணுதானே :-)

சிக்கல் அயர்னிக்ல இல்லை, அதுக்கு மேல உக்காந்த ட்ரிபிள்ஓவுல. ஓப்பன்ஸ்டாக்கை வெச்சே ஓப்பன்ஸ்டாக்கை நிறுவுற திட்டம் அது. ஒரே கட்டளை தட்டினா ஹீட் நோவாவைக் கூப்பிடும், நோவா அயர்னிக்கைக் கூப்பிடும், பெட்டி எழுந்ததும் பப்பெட் சர்வீஸை அமைக்கும். பாக்க மாயாஜாலம்தான். ஆனா நடுவுல எது புட்டுக்கிட்டாலும் மொத்தமும் ஃபெயில்னு வரும். சாம்பார்ல உப்பு இல்லைன்னா அஸ்திவாரத்துலேருந்து தோண்டிப் பாக்குற கதை!

அதனால 2017 வாக்குல, ஏற்கெனவே ஓ.எஸ். ஏறின சர்வர்களை அப்படியே எடுத்துக்கிற வழி வந்துச்சு. பிறகு புரொவிஷனிங்கை மட்டும் முடிச்சுட்டு நிக்கிற தனிக் கட்டளையும் வந்தது. முடிஞ்சதும் எந்த மெஷின், எந்த முகவரின்னு ஒரு ஃபைலை நீட்டும். அடுத்த கட்டம் அதை வாங்கிட்டுத் தொடங்கும். வீட்டுச் சாவியைக் கை மாத்துற மாதிரி.

இந்த முதல் கட்டத்துக்கு டாக்குமென்ட் எழுதுறதுதான் கஷ்டம். செஞ்சதை எழுத எல்லாருக்கும் வரும். "இத்தோட நிறுத்திட்டேன், டேட்டாபேஸ் கிடையாது, மானிட்டரிங் கிடையாது"ன்னு செய்யாததையும் எழுதணும். அது இல்லைன்னா, பிங் ஆகுற பெட்டியைப் பாத்து சர்வர் ரெடின்னு நம்பிடுவாங்க.

ட்ரிபிள்ஓ வளர்ச்சி 2023ல நின்னு போச்சு. அயர்னிக் இன்னும் ஓடுது. உங்க ஆபீஸ் டாக்குமென்ட்ல அந்தக் கோடு எங்கே விழுதுன்னு ஒரு தடவை பாத்துடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிக்கும்போது, வீடு கட்டினவரை எழுப்பணுமா, கல்யாணம் பண்ணினவரை எழுப்பணுமான்னு அதுதான் சொல்லும்.