கடுங்குளிரில் கண்காணிப்புக் கேமரா: வெப்பம் தேடிய ஒரு கருவியின் வரலாறு

வட அமெரிக்காவின் வடபகுதியில், குறிப்பாகக் கனடாவின் மனிடோபா, யூகான் பகுதிகளிலும் அமெரிக்காவின் அலாஸ்கா, வட டகோட்டா மாநிலங்களிலும், வீட்டு வாசலுக்கு ஒரு கண்காணிப்புக் கேமராவைத் தேர்ந்தெடுப்பவர்கள் வெப்பநாட்டில் எழவே எழாத ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது: அந்தக் கருவி தனக்கு வேண்டிய வெப்பத்தை எங்கிருந்து பெறும்? வின்னிபெக் நகரில் சனவரி மாத இரவுகளின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது. யூகானின் ஸ்னாக் என்னும் சிற்றூரில் 1947 பிப்ரவரி 3 அன்று மைனஸ் 63 டிகிரி பதிவாயிற்று. இத்தகைய குளிரில் ஆளில்லாமல் ஒரு கேமரா ஆண்டு முழுவதும் இயங்குவதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் ஒருமுறை தீர்க்கப்பட்ட சிக்கல்கள், கருவி உருமாறும்போதெல்லாம் புதிய வடிவில் திரும்ப வந்தன என்பதே இந்த வரலாற்றில் கவனத்துக்குரியது.

குளிரில் கேமரா படும் பாட்டை விரிவாக எழுதிவைத்தவர்களுள் முன்னோடி ஹெர்பர்ட் பான்டிங். 1910-இல் புறப்பட்ட கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணக் குழுவில் இடம்பெற்ற இவர், அண்டார்க்டிகாவுக்குச் சென்ற முதல் தொழில்முறைப் புகைப்படக் கலைஞராகக் கருதப்படுகிறார். காட்சியைக் குவியப்படுத்திக்கொண்டிருந்தபோது உதட்டை நனைக்க நீட்டிய நாக்கின் நுனி கேமராவின் உலோகத்தில் பட்டு அக்கணமே ஒட்டிக்கொண்டதை அவர் பதிவுசெய்திருக்கிறார். இந்நிகழ்ச்சி பலராலும் எடுத்துச் சொல்லப்படுவது. ஆனால், பின்வந்தவர்களுக்குப் பயன்பட்டது ஈரத்தைப் பற்றிய அவருடைய அறிவே. வெளியே உறைந்து கிடந்த கேமராவைக் கதகதப்பான குடிலுக்குள் கொண்டுவந்தால், அறைக்காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த லென்சின் மீதும் உள்ளுறுப்புகளின் மீதும் பனிப்பூச்சாகப் படிந்துவிடும். மறுபடி வெளியே எடுத்துச் சென்றால் அந்த ஈரம் உறைந்து கருவியையே முடக்கிவிடும். ஆகவே கேமராவைக் குளிரிலேயே விட்டுவைப்பது துருவப் படப்பிடிப்பின் விதியாயிற்று.

மசகு எண்ணெயும் அவ்வாறே தொல்லை தந்தது. பொறிகளின் உராய்வைக் குறைக்க இடப்படும் இவ்வெண்ணெய் கடுங்குளிரில் மெழுகுபோல் இறுகி, ஒளியை நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் உள்ளே விடும் ஷட்டரைத் தாமதப்படுத்தியது. எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுத்துவிட்டு, உலர்ந்த கிராஃபைட் தூளைக்கொண்டோ மசகே இல்லாமலோ கேமராவை இயக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. நெகிழ்ச்சியை இழந்த ஃபிலிம் சுருள் துளை விளிம்பில் கிழிந்தது. வறண்ட காற்றில் வேகமாகச் சுற்றினால் நிலைமின் பொறி பறந்து படத்தில் மரக்கிளை போன்ற தடங்களைப் பதித்தது. இன்றைய கண்காணிப்புக் கேமராவில் ஃபிலிம் இல்லாவிட்டாலும், எண்ணெய் இறுகுவதும் பொருள் நொறுங்குவதும் ஈரம் படிவதும் அதில் அப்படியே தொடர்கின்றன.

பொது ஒளிபரப்பின்றிக் குறிப்பிட்ட திரைகளுக்கு மட்டும் படத்தைக் கம்பி வழி அனுப்பும் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி, 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் வி-2 ராக்கெட்டுகள் ஏவப்படுவதைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்காகப் பொறியாளர் வால்டர் புரூக்கின் முயற்சியால் அமைக்கப்பட்டது. 1950-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் அறிமுகப்படுத்திய விடிகான் என்னும் சிறிய படக்குழாய் இவ்வமைப்பைத் தொழிற்சாலைகளுக்கும் வங்கிகளுக்கும் கொண்டுசென்றது. அக்காலக் கேமராக்கள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை; குழாயினுள் சிவந்து எரியும் இழை இல்லாமல் அவை இயங்கா. அவை வீணடித்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறியதால், உறைக்குள் அடைபட்ட கேமரா தன்னைத் தானே ஓரளவு சூடாக வைத்துக்கொண்டது. குளிர்நாட்டைப் பொறுத்தவரை இந்தத் திறனின்மை ஒரு கொடை என்றே சொல்ல வேண்டும். அது கைவிட்டுப் போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

வீட்டுக் காவலுக்கான கேமராவின் தொடக்கத்தையும் இந்த வெப்பக் கேள்வியோடு சேர்த்தே பார்க்கலாம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், மின்னணுத் தொழில்நுட்பரான தம் கணவர் ஆல்பர்ட் பிரவுனோடு இணைந்து 1966-இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் பெற்ற காப்புரிமையே, தொலைக்காட்சி வழிக் கண்காணிப்பை வீட்டுப் பாதுகாப்புக்குப் பயன்படுத்திய முதல் அமைப்பாகப் போற்றப்படுகிறது. கணவனும் மனைவியும் வெவ்வேறு நேரங்களில் பணிக்குச் சென்றதால் இரவில் தனித்திருக்க நேர்ந்த ஒரு பெண்ணின் அச்சத்திலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு இது. கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா. படுக்கையறையில் ஒரு திரை. வந்தவரோடு பேச ஒலிவாங்கி. தொலைவிலிருந்தே தாழ்ப்பாளைத் திறக்கும் விசை என்று அதன் அமைப்பு முழுமையாக இருந்தது. கேமரா கதவின் உட்புறத்தில் நின்றதால், வீட்டின் வெப்பமே அதற்கும் வெப்பமாக இருந்தது. பிற்காலத்து வாசல் கேமராக்கள் கதவுக்கு வெளியே குடிபெயர்ந்தபோது இந்தப் பாதுகாப்பை இழந்தன.

வெளியே வந்த கேமராவுக்குத் தனி வீடு கட்ட வேண்டியதாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் பனி மிகுந்த மேற்குப் பகுதியிலுள்ள ஓலியன் நகரம் 1968-இல் தன் முதன்மைத் தெருவில் கேமராக்களை நிறுவி, அவ்வாறு செய்த முதல் நகரங்களுள் ஒன்றாயிற்று. தெருவிலும் ஆலை வளாகத்திலும் கேமராக்கள் பெருகியபோது, காப்புறை என்னும் உலோகப் பெட்டிகளைச் செய்யும் தொழில் தனியே வளர்ந்தது. பெட்டியினுள் ஒரு மின்வெப்பமூட்டி, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வெப்பம் இறங்கியதும் அதைத் தானே முடுக்கும் தெர்மோஸ்டாட், முகப்புக் கண்ணாடியில் பனி படியாமல் காக்கும் ஊதி ஆகியவை பொருத்தப்பட்டன. இவற்றை இயக்க 24 வோல்ட் மாறுமின்சாரம் தனிக் கம்பியில் வந்தது. எந்திரத்தை மின்செருகி மூலம் சூடேற்றுவது குளிர்நாட்டு மக்களுக்குப் புதிதன்று. வட டகோட்டாவின் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1940களின் இறுதியில் காப்புரிமை பெற்ற கார் எஞ்சின் வெப்பமூட்டியின் வழியில், இரவெல்லாம் காரை மின்சாரத்தில் செருகி வைப்பது அங்கே அன்றாட வழக்கம்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டறிந்த சி.சி.டி. என்னும் ஒளியுணர் சில்லு, விடிகான் குழாயைப் படிப்படியாக வெளியேற்றியது. ஒளியே இல்லாதபோதும் சில்லினுள் வெப்பத்தால் தோன்றும் போலிச் சைகைக்கு இருள் மின்னோட்டம் என்று பெயர். ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி குளிர்ந்தால் அது பாதியாகக் குறைகிறது. வானியலாளர்கள் தங்கள் சில்லுகளைத் திரவ நைட்ரஜனால் குளிர்விப்பது இதற்காகவே. ஆக, கேமராவின் கண்ணுக்குக் குளிர் நன்மையே செய்கிறது. பழுது முழுவதும் கண்ணைச் சூழ்ந்த உறுப்புகளில் நேர்கிறது. மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மின்பகுளி மின்தேக்கிகளில் உள்ள திரவம் தடித்துத் தன் திறனை இழக்கிறது. பகலில் அகச்சிவப்பைத் தடுத்து இரவில் விலகும் வடிகட்டியின் சிறு விசை, பான்டிங்கின் ஷட்டரைப் போலவே இறுகி நின்றுவிடுகிறது. சாதாரண பி.வி.சி. உறையிட்ட கம்பி வளைத்தால் வெடிக்கிறது. மின்னணுப் பாகங்களில் வணிகத் தரம் 0 டிகிரியோடும், தொழில்துறைத் தரம் மைனஸ் 40 டிகிரியோடும் நின்றுவிடுவதால், செல்சியஸ் அளவும் ஃபாரன்ஹீட் அளவும் ஒன்றாகும் அந்த மைனஸ் 40, தொழிலின் எல்லைக்கல்லாயிற்று.

1996-இல் சுவீடனின் லண்ட் நகரைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம் கணினி வலையில் நேரே இணையும் முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தரவு செல்லும் அதே கம்பியில் மின்சாரத்தையும் அனுப்பும் பவர் ஓவர் ஈதர்நெட் முறைக்கு 2003-இல் வகுக்கப்பட்ட தரம் 15.4 வாட்டை மட்டுமே அனுமதித்தது. கேமராவுக்குப் போதுமான அந்த அளவு, கேமராவோடு வெப்பமூட்டிக்கும் பகிர்ந்தளிக்கப் போதவில்லை. 2009-இல் அது 30 வாட்டாக உயர்ந்த பின்னரே தனி மின்கம்பி இல்லாமல் கடுங்குளிர்க் கேமரா பரவலாகச் சாத்தியமாயிற்று. இதனோடு வந்த இன்னொரு நுட்பம் அதிகம் பேசப்படாவிட்டாலும் மிக இன்றியமையாதது. இயங்கிக்கொண்டிருக்கும் கேமரா தன் சொந்த வெப்பத்தால் தாக்குப்பிடிக்கும். பனிப்புயலில் மின்சாரம் நின்று, கேமரா சில மணி நேரம் உறைந்து கிடந்தபின் மின்சாரம் மீண்டும் வரும்போதுதான் அது உயிர்பெறாமல் போகும். ஆகவே, மின்சாரம் வந்ததும் முதலில் வெப்பமூட்டியை மட்டும் இயக்கி, உள்ளுறுப்புகள் போதிய அளவு சூடான பின்னரே கேமராவைத் தொடங்கச் செய்யும் கட்டுப்பாடு உருவாக்கப்பட்டது.

2010களில் பெருகிய கம்பியில்லாப் பேட்டரிக் கேமரா, எளிமையைத் தந்து வெப்பத்தைப் பறித்துக்கொண்டது. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலத்தை 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால், லித்தியம் கார்பன் முனையினுள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து, மின்கலத்தை நிரந்தரமாகக் கெடுக்கிறது. ஆகவே பல கருவிகள் அந்நிலையில் மின்னேற்றத்தையே நிறுத்திவிடுகின்றன. சூரியத்தகட்டை இணைத்தாலும், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் டிசம்பர் இறுதியில் பகல் 4 மணி நேரத்துக்கும் குறைவு. வெப்பமூட்டியை ஓட்டும் அளவுக்கு அந்தச் சிறு மின்கலத்தில் ஆற்றலும் இல்லை. நீண்ட குளிர்கால நிலத்தின் முதன்மை வாசலுக்கு இவ்வகைக் கருவியைப் பரிந்துரைப்பது, இத்தனை காலப் பட்டறிவைப் புறக்கணிப்பதாகவே அமையும். கம்பி எட்டாத தொலைவில், காட்டு விலங்குகளைப் படமெடுப்போர் பயன்படுத்தும் மின்னேற்ற முடியாத லித்தியம் இரும்பு டைசல்ஃபைடு மின்கலங்கள் மைனஸ் 40 வரை உழைக்கின்றன.

பெட்டிகளில் அச்சிடப்படும் ஐ.பி.66 என்ற குறியீட்டைக் குளிர்தாங்கும் சான்றாக எடுத்துக்கொள்வோர் பலர். அது தூசும் நீர்ப்பீச்சலும் உட்புகாமையை மட்டுமே குறிப்பது. வெப்பநிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. இயங்கும் வெப்பநிலை, குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கும் வெப்பநிலை, கிடங்கில் வைக்கும் வெப்பநிலை ஆகிய மூன்றும் வேறுவேறு எண்கள். வாங்குவோர் தேட வேண்டியது இரண்டாவதை. கம்பிக்கும் அதுபோல நிலையாகக் கிடக்கும்போது தாங்கும் குளிர் ஒன்று, வளைத்துப் பொருத்தும்போது தாங்கும் குளிர் வேறொன்று. பின்னது எப்போதும் மிதமானது என்பதால், அனுபவமுள்ள பணியாளர்கள் கம்பி இழுக்கும் வேலையை அக்டோபருக்குள் முடித்துவிடுகிறார்கள்.