ஸ்பூனை நீட்டாத நர்ஸ்

"குழந்தைக்கே தெரியும், தட்டை முன்னாடி வைங்க, அதுவே எடுத்துச் சாப்பிடும்." பேபி லெட் வீனிங் பத்திப் பேசுற எல்லாரும் எங்கேயாவது இதைச் சொல்லிடுவாங்க. இதுக்குச் சாட்சியா அடிக்கடி இழுக்கப்படுறவர் கிளாரா டேவிஸ். அமெரிக்கக் குழந்தை மருத்துவர். அவர் உண்மையில என்ன செஞ்சாருங்கறதுதான் இன்னைக்குக் கதை.

1926-ல க்ளீவ்லாண்ட் நகரத்துல தொடங்கி, பிறகு சிகாகோவுல தொடர்ந்த சோதனை அது. குழந்தை எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பிடணும்னு டாக்டர்கள் சீட்டு எழுதிக் கொடுத்த காலம். டேவிஸ் 15 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். பால் மட்டுமே குடிச்சு வளர்ந்த, 6 முதல் 11 மாத வயசுக் குழந்தைகள். வளர்க்க வசதியில்லாத தாய்மார்களோட பிள்ளைகள். ஐந்து பேருக்கு ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு வளையுற நோய், ஏற்கெனவே இருந்தது. (இன்னைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதுக்குச் சம்மதிக்காது.)

மொத்தம் 34 உணவுகள். ஆப்பிள், கேரட், முட்டைக்கோஸ், ஓட்ஸ், முட்டை, மீன், ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை. எதையும் கலக்கல; உப்புகூடத் தனிக் கிண்ணத்துல. முதல் வேளையில சில குழந்தைகள் தட்டையே கடிச்சுப் பார்த்திருக்கு! சீக்கிரமே ஒவ்வொண்ணுக்கும் தனி ருசி வந்துடுச்சு. ரிக்கெட்ஸ் இருந்த ஒரு பையன் பக்கத்துல மீன் எண்ணெய் வெச்சாங்க. குணமாகிற வரைக்கும் தானே குடிச்சான், பிறகு தொடல. எல்லாரும் நல்லா வளர்ந்தாங்க.

ஆனா ரெண்டு விஷயம் பாதியில விட்டுப்போகுது. ஒண்ணு, அந்தப் பட்டியல்ல சர்க்கரையும் மைதாவும் கிடையாது. சூட்சுமமே பட்டியல்லதான் இருக்குன்னு 1939-ல டேவிஸே எழுதினார். ரெண்டாவது, அந்த மேசையில ஸ்பூன் இருந்தது. நர்ஸ் அதைக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க. குழந்தை ஒரு கிண்ணத்தைக் காட்டினா எடுப்பாங்க, வாயைத் திறந்தா ஊட்டுவாங்க. எனக்கு இந்தச் சோதனையில ரொம்பப் பிடிச்ச ஆள் அந்த நர்ஸ்தான்.

பேபி லெட் வீனிங்ங்கற பேரைப் பரப்பினவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜில் ராப்லி. புத்தகம் வந்தது 2008-ல. அதுல ஸ்பூன் ஊட்டல் போயிடுச்சு. ஆறு மாசம் ஆகி, நிமிர்ந்து உக்காந்து, பிடிச்சு வாய்க்குக் கொண்டுபோற குழந்தைக்குச் சரி. எட்டு வாரம் முன்னாடியே பிறந்த குழந்தைக்கு? பிறந்த தேதியிலிருந்து ஆறு மாசம்னா, பிரசவத்துக்குக் குறிச்ச தேதியிலிருந்து நாலு மாசம்தான். கழுத்தே அப்பதான் நிக்கத் தொடங்கியிருக்கும்.

எந்த ஆறு மாசம்? பிரிட்டனில் பிறந்த நாளிலிருந்து 5 முதல் 8 மாசத்துக்குள்ள தொடங்கச் சொல்றாங்க. 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தைகளை வெச்சு இந்தியாவுல நடந்த ஒரு ஆய்வு 2017-ல வெளியாச்சு. குறிச்ச தேதியிலிருந்து கணக்கிட்டு, நாலு மாசத்துல தொடங்கினவங்களுக்கு ஆறு மாசத்துல தொடங்கினவங்களைவிட வளர்ச்சி கூடல. ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வந்ததுதான் கூடுச்சு.

அதுக்காகச் சும்மா காத்திருக்கவும் முடியாது. தாயோட வயித்துல கடைசி மூணு மாசத்துலதான் குழந்தை இரும்புச்சத்தைச் சேர்த்து வைக்குது. முன்னாடியே வந்த குழந்தைக்கு அந்தக் கையிருப்பு குறைவு. அதனாலதான் டாக்டர் இரும்புச் சொட்டு மருந்து எழுதுறார். தொடங்கின பிறகும் கை தடுமாறும், பாதி கீழே விழும். அந்த மாசங்கள்ல மசிச்ச பருப்பும் முட்டை மஞ்சள் கருவும் ஸ்பூன்லதான் போகணும், வாய் திறக்கிறப்ப மட்டும். வேகவெச்ச கேரட் துண்டு பக்கத்துல கிடக்கட்டும், பிசைஞ்சு விளையாட.