பினாங்கில் ஒரு நாகூர்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துத் தலைநகரான ஜோர்ஜ் டவுனில் சரித்திரத்தைத் தேடிச் செல்வோர் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பனியின் சார்பில் அங்கே துறைமுகம் அமைத்த நாள் முதல், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் அங்கு வந்து குடியேறினர். சூலியர் எனப்பட்ட அம்மக்களின் பெயரைச் சூலியா வீதி இன்றும் தாங்கி நிற்கிறது. அவர்களுடைய தலைவரான காதர் முகியித்தீனின் முயற்சியால் 1801இல் எழுந்ததே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்.

அப்பள்ளிவாசலுக்குச் சற்றுத் தொலைவில், சூலியா வீதியும் கிங் வீதியும் கூடும் மூலையில், சிறியதொரு கட்டடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா அது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் ஹமீது நாயகம் அடக்கம் பெற்றது தமிழ்நாட்டு நாகூரிலேயே. பினாங்கில் உள்ளது நினைவிடம் மட்டுமே. நடுக்கடலில் ஓட்டை விழுந்த மரக்கலமொன்றை அவர் கரையிலிருந்தே காத்தார் என்பது மரபுக் கதை. ஆகையால், பாய் விரித்துப் புறப்பட்டவர்கள் சேர்ந்த கரைகளிலெல்லாம் அவர் பெயரால் நினைவிடம் எழுப்பினர். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதி கடலோரமாக இருந்த காலத்தில், 1828க்கும் 1830க்கும் இடையில், அங்கும் ஒரு நாகூர் தர்கா எழுந்தது.

இந்த வரிசையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. ஆலையடிவேம்பிலிருந்து கரையோர வீதியில் வடக்கே சென்றால், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைக் கடந்து கல்முனைக்குடியை அடையலாம். அங்குள்ள கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாயகத்தின் பெயரால் கொடியேறுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையில் எண்ணற்ற உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னரும் கொடியேற்றம் நின்றுவிடவில்லை.

பினாங்கிலே பழமையைக் காக்கச் சட்டமும் நூதனசாலையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பாதி அழிந்த பாடசாலைக் கட்டடத்திலேயே மாநில நூதனசாலை 1965இல் திறக்கப்பட்டது. 2008இல் ஜோர்ஜ் டவுன் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது. சிங்கப்பூர் தர்காவோ 2011இல் இந்திய முஸ்லிம் மரபுரிமை நிலையமாகக் கதவு திறந்தது. கல்முனைக்குடியில் பழமையைச் சுமந்து வந்திருப்பவை மக்களின் நினைவும், ஆண்டுக்கொரு முறை ஏறும் கொடியுமே.

தர்கா வழிபாட்டைப் பற்றி முஸ்லிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது மார்க்க அறிஞர் ஆராய வேண்டிய விஷயம். ஆயினும் இக்கட்டடங்கள் சரித்திரச் சான்றுகள் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. மன்னர் தம் பெருமையைக் கல்லிலே பொறித்து வைத்தனர். சாதாரண மாலுமியும் சிறு வணிகனும் விட்டுச் சென்ற சாசனங்கள் இத்தகைய நினைவிடங்களே. நினைவு மனிதனோடு மறைவது. எழுத்தோ அவனுக்குப் பின்னும் நிற்பது. கடற்கரைப் பள்ளியின் கதையை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைப்பதற்குப் பெரிய நூதனசாலை வேண்டுவதில்லை. ஊர்ப் பாடசாலை மாணவரின் ஒரு கொப்பியே போதும். அந்த ஏட்டை விரித்துக்கொண்டு பினாங்குக்குச் செல்பவன், சூலியா வீதி மூலையிலே காண்பது அந்நிய நாட்டுக் கட்டடத்தை அன்று, தன் ஊர்ச் சரித்திரத்தின் மற்றொரு பக்கத்தையே.