மேல்கோட்டை விமானமும் மேஜை மேல் மிராஜும்

மேல்கோட்டை என்றால் நம்மில் பலருக்கு ராமானுஜர், செல்வப்பிள்ளை, வைரமுடி சேவை. புளியோதரையை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவீர்கள் :-)

ஆனால் 2000-களில் மின்னஞ்சல் வைத்திருந்த பலர் இந்த ஊரின் பெயரை வேறு விதமாகவும் படித்திருப்பார்கள். மைசூர் பக்கத்து மேல்கோட்டையில் உள்ள சம்ஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனத்தில் ‘வைமானிக சாஸ்திர’த்தை வைத்து விமான ஆராய்ச்சி நடப்பதாக ஒரு ஃபார்வர்டு சுற்றியது. அந்த மாதிரிச் சங்கதிகள் இப்போது வாட்ஸப்பில் வருகின்றன. நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

அந்த நூலின் கதை சுருக்கமாக. ஆனேகல் பண்டிதர் சுப்பராய சாஸ்திரி 1918-லிருந்து 1923 வரை வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பரத்வாஜ முனிவர் அருளியது என்பது அவர் கூற்று. 1923-ல் எல்லப்பா என்கிற வரைவாளர் அவர் சொன்னபடி படங்கள் வரைந்தார். 1973-ல் மைசூரில் ஜோசியர் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா உள்ளிட்ட ஐந்து பேர் அதை உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கேலி செய்யவில்லை. மொழியைப் பார்த்தார்கள், படத்தின் அளவுகளைக் கணக்குப் போட்டார்கள். நூல் பழமையானதல்ல, அதில் உள்ள எதுவும் பறக்காது என்பது முடிவு.

இதை நான் எடுத்துச் சொன்னால் பன்னிரண்டு வயசுப் பையன் கேட்பானா? கேட்க வைத்தது ஒரு பிளாஸ்டிக் கிட். மிராஜ் 2000, 1/72 அளவு. அதாவது ஆறடி ஆள் ஒரு அங்குலம். 14.36 மீட்டர் விமானம் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி, பிசிறைத் தேய்த்து, பசை போட்டு ஒட்ட இரண்டு வாரம்.

முதல் பாடம் மூக்கில். முன்னால் ஒரு சக்கரக் கால், பின்னால் இரண்டு. பின்பாரம் கூடினால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். மூக்குக்குள் ஈயத்துண்டு வைத்து மூடினோம். இரண்டாவது, அவனே கேட்டது: “அப்பா, பின்னாடி சின்ன இறக்கை எங்கே?” இது முக்கோண இறக்கை விமானம். பின்னிறக்கை கிடையாது; அந்த வேலையை இறக்கையின் பின்விளிம்பே செய்கிறது. சட்டென்று திரும்புவதற்காக வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைத்து, விழாமல் பார்த்துக்கொள்ளக் கணினியை வைத்திருக்கிறார்கள். நம்ம தேஜஸும் அதே குடும்பம்தான்.

அங்கிருந்து பேச்சு பெங்களூருக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு ஃபோக்க வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், 1956-ல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்தார். மாருத் விமானத்துக்கு உலோகத்தில் கை வைக்கும் முன், அதே அளவில் மரத்தில், என்ஜின் இல்லாமல் ஒன்று செய்தார்கள். 1959-ல் டகோட்டா விமானம் அதை இழுத்துக்கொண்டு மேலே போய் விட்டது. அதுவும் மாடல்தான், பெரிய மாடல். நிஜ மாருத் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. வலுவான என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தக் குறையையும் மறைக்காமல் சொன்னேன். அப்படியும் 1971 போரில் ராஜஸ்தான் முனையில் அது பறந்தது.

தேஜஸுக்கும் இதே வழிதான். அதன் சின்ன மாடல்களை பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் முதல் பறத்தல். 2020-ல் கோவை சூலூரில் 18-வது ஸ்க்வாட்ரனுக்குத் தேஜஸ் வந்தது. 1971-ல் ஸ்ரீநகர் வானில் உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன், சின்னஞ்சிறு நாட் விமானம் ஓட்டியது இதே ஸ்க்வாட்ரனில்தான்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளை அந்த ஃபார்வர்டை நம்பி வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். அதைவிட மோசம், அதற்கப்புறம் மாருத்தைப் பற்றிச் சொன்னாலும் அவனே நம்பமாட்டான். பொய்ப் பெருமை நிஜப் பெருமையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மேல்கோட்டைக்குப் பெருமை சேர்க்க ராமானுஜரே தாராளமாகப் போதும்.

ஒரு கிட் வாங்கிக் கொடுங்கள். இரண்டு வாரம் கூட உட்காருங்கள். பிறகு எல்லப்பாவின் படத்தைக் காட்டுங்கள். “இதுல பாரம் எங்கே உட்காருது?” என்று பிள்ளையே கேட்கும்.