ரயில் வராத ஊரின் ரயில்

ஆலங்குடிக்குள் ரயில் பாதை கிடையாது. மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் புதுக்கோட்டை, தெற்கே அறந்தாங்கி. ரயிலைக் கண்ணால் பார்க்கவே பஸ் ஏற வேண்டும். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயில் முதலில் விளையாட்டாகத்தான் அறிமுகமானது. காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுத்தால் ரயில். முன்னால் நிற்பவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் ரயில்.

இரண்டு பாதைகளில் அறந்தாங்கிதான் மூத்தது. தஞ்சாவூர் மாவட்டப் போர்டு தனி வரி வசூலித்து ரயில் போட்டது. 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்த மீட்டர்கேஜ், 1903-இல் அறந்தாங்கியைத் தொட்டது. மன்னராட்சியில் இருந்த புதுக்கோட்டைக்குத் திருச்சியிலிருந்து ரயில் வர 1929 ஆகிவிட்டது.

அதற்குள் இங்கிலாந்தில் பொம்மை ரயில் பெருந்தொழிலாகியிருந்தது. லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்களை விற்கத் தொடங்கினார். அந்த ரயில்கள் எட்டாத குழந்தைகளே இங்கு ஏராளம்.

எட்டாத ஆசை வயதானபின் திரும்பி வரும். புனேயின் பாவுசாஹேப் ஜோஷி சிறுவயது ரயில் மோகத்தை விடாமல் வளர்த்து, அந்நகரின் கோத்ரூட் பகுதியில் குட்டி ரயில்களுக்கென்றே அருங்காட்சியகம் அமைத்தார். 1998-இல் திறந்த அங்கே சிறு நகரம் ஒன்றின் ஊடாக வண்டிகள் ஓடுகின்றன. ஒரு தனிமனிதர் செய்த இந்த வேலை, எந்தப் பெரிய அருங்காட்சியகத்துக்கும் குறைந்ததல்ல.

புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இன்று தன் பால்யத்து ரயிலை மேசைமேல் ஓட்ட நினைத்தால், கடையில் வாங்கியது போதாது. அவர் பார்த்து வளர்ந்த மீட்டர்கேஜ் இப்போது அங்கே இல்லை. புதுக்கோட்டை வழியே போகும் ராமேசுவரம் பாதை 2007-இல் அகலப்பாதையானது. அறந்தாங்கி வழியே போகும் காரைக்குடி–பட்டுக்கோட்டைப் பாதை 2018-இல் மாறியது. ஆகவே அளவு பார்த்துத் தானே செய்ய வேண்டும். ‘ஹெச்.ஓ.’ எனும் மாதிரி அளவு அசலின் 87-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் மீட்டர்கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டர். மாதிரி செய்பவர்கள் 12 என்று வைத்துக்கொள்கிறார்கள். தென்னகத்தில் பயணிகள் வண்டிகளை இழுத்த ‘ஒய்.பி.’ கரி என்ஜினின் இயக்கு சக்கரம் 1,372 மில்லிமீட்டர் விட்டம். மாதிரியில் அது 16 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.

அளவெடுக்க அசல் வேண்டுமே? நீலகிரி மலை ரயில் இன்னும் மீட்டர்கேஜ்தான். அதற்கான புதிய நீராவி என்ஜின்களைக் கட்டித் தந்தது திருச்சிப் பொன்மலைப் பணிமனை. அந்தப் பணிமனை ஆலங்குடியிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் போய்விடும் தூரம்.