செத்த மாடும் சீக்கு மாடும்

கால்நடை மருத்துவத்துக்கு வரலாறு எழுதுகிறவர்கள் கட்டடத்திலிருந்து தொடங்குகிறார்கள். 1889இல் புனேயில் கிருமி ஆய்வுக்கூடம், 1893இல் அது முக்தேசுவருக்கு மாறியது, 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். அதற்கு முன்னால் மாட்டுக்குச் சீக்கே வரவில்லையா? வந்தபோது தொழுவத்தில் நின்று பார்த்தது யார்?

கீரமங்கலம் என்றால் வெளியூர்க்காரங்களுக்குப் பலாவும் பூவும் தென்னந்தோப்பும் ஞாபகம் வரும். அந்தத் தோப்புக்கு எருப்போட்ட மாடு ஞாபகம் வராது. மாட்டை மேய்த்தவன் ஞாபகம் சுத்தமாக வராது. என் தாத்தா பண்ணைக்கு மாடு மேய்த்தவர். "மாடு அசை போடலன்னா மூக்கத் தொட்டுப் பாரு, காஞ்சு கெடந்தா காய்ச்சல்" என்பார். கன்று கால் மடங்கி வந்தால் நடுராத்திரியில் அப்பத்தாவுக்கு ஆள் வரும். கையில் விளக்கெண்ணெய் தடவி உள்ளே விட்டுத் திருப்பி இழுத்துப் போடும். நஞ்சுக்கொடி விழுகிறவரை தொழுவத்திலேயே உட்கார்ந்திருக்கும். விடிந்ததும் அந்த மாட்டில் கறந்த பாலை அதே கை தொடக்கூடாது. இதுதான் நம்ம ஊர் கால்நடை மருத்துவத்தின் முதல் பாடம்.

மாடு பிழைத்தால் ஊருக்கு, செத்தால் சேரிக்கு. சும்மா கொடுக்கவில்லை. தூக்குவது கடமை, மறுத்தால் அடி. அடைப்பான் நோயில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும் என்று இன்றைக்கு மருத்துவம் சொல்கிறது. அறுத்தால் கிருமி மனுசனுக்கும் தாவும். மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அது தெரியாத காலத்தில் அறுத்தது யார் கை? அந்தக் கையில் வந்த கொப்புளத்தை எந்த நோய்ப் பதிவேடு எழுதி வைத்தது?

இதற்கு மேலே ஒரு பழியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வட இந்தியாவில் மாடுகள் கூட்டமாகச் செத்தபோது, தோலுக்காகச் சமார்கள் விஷம் வைத்துக் கொல்கிறார்கள் என்று வெள்ளைக்காரப் போலீஸ் வழக்குப் போட்டது. மாட்டுக் கொள்ளைநோய் பற்றிய கமிஷன் அறிக்கை 1871இல் வந்தது. வெக்கை நோய் நாடு முழுக்க மாடுகளை வாரிக்கொண்டு போன காலம் அது. ஆனாலும் ஒரு சாதியே குற்றவாளியாக நின்றது. செத்ததத் தூக்குன்னு சொன்னதும் நீ, தூக்குனதால கொன்னவன்னு சொன்னதும் நீ!

1927இல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டு இறைச்சியை விட்டுவிடச் சொன்னார். தென்னாற்காட்டில் இளையபெருமாள், பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் நிறுத்தச் சொல்லி இயக்கம் நடத்தினார். 2016இல் உனாவில் தோலுரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைத் தொட மறுத்தார்கள். சரி, செத்ததைத் தூக்க மாட்டோம். உயிருள்ளதை வளர்க்க விட்டார்களா? 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தி, ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள் என்று 1931 கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் எழுதியிருக்கிறார். தலித்துக்குச் சொந்தமாக மாடு இருப்பதே அவர்களுக்கு எரிச்சல்.

வெக்கை நோயை ஒழிக்க 1954இல் தேசியத் திட்டம் வந்தது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாக 1995இல் நம் வடாற்காட்டில் தென்பட்டது. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரிய சாதனை. ஊசி போட்ட டாக்டர் பெயர் பதிவேட்டில் இருக்கும். கொம்பைப் பிடித்து நின்றவன் பெயர் இருக்காது. மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசுவதைத் தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்தி, பல்கலைக்கழகம் ஏற்க வைத்தார். நல்ல காரியம். அப்படிக் கிராமத்துக் கை வைத்தியம் பாடமாகும்போது, சேரிக் கிழவிகளும் அந்தப் பாடத்தில் இருக்க வேண்டும்.

எங்க பொம்பளைங்களுக்கு இன்றைக்குச் சொத்து என்றால் ஆடுதான். பிள்ளைக்குப் பீஸ் கட்ட, ஆஸ்பத்திரிக்குப் போக, ஒரு கிடாயை ஓட்டிக்கொண்டு போய் விற்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில்தான் கண்டறியப்பட்டது. அந்தக் கிருமியை வைத்தே தடுப்பூசியும் செய்தார்கள். 2011இல் அரசு விலையில்லா ஆடு கொடுத்தது. ஆடு சேரிக்கு வந்தது, ஊசி வந்ததா? எங்கள் பக்கத்தில் ஒருமுறை முகாமைக் கோயில் திடலில் போட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்க பெண்கள் ஓரமாக நின்றார்கள். ஊர் மாடு முடிந்து முறை வருவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது, குடிசைக்குள் நசுங்கிய ஆட்டுக்குச் சான்று கேட்டார்கள். ஆட்டைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் நாங்களே ஒரு நோட்டுப் போட்டோம். எந்த வீட்டில் எத்தனை ஆடு, எது சினை, எதற்கு எப்போது ஊசி என்று பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகள் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கைக் காட்டி, முகாமைச் சேரிக்குள் போடு என்று கேட்கிறோம். கிழவிகளிடம் கேட்டு வைத்தியத்தையும் அதே நோட்டில், சொன்னவர் பெயரோடு எழுதுகிறோம். தோழர்களே, உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள். மாடு தூக்கிய கை என்று மட்டுமே நம்மை எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்டைப் பிழைக்க வைத்த கையும் இதுதான் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.